துறைமுகத் தண்ணீரும் பண்ணைத் தண்ணீரும்

சிப்பிப் பண்ணையில் ஒரே வாரத்தில் அத்தனை சிப்பியும் வாய் பிளந்து செத்தபோது, பழி காவலாளி மேல் விழுந்தது. குடித்துவிட்டுத் தூங்கினான், சிப்பி தொங்கும் கயிறுகளை மேலே இழுத்து வெயிலில் காயப் போட்டுவிட்டான் என்று மேனேஜர் எல்லாத் தொழிலாளிகள் முன்னாலும் சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார். காவலாளி வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவரில்லை. ஆனால் வாயில்லாப் பூச்சி. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தவர், அப்புறம் தெருவில் இறங்கவே கூசினார்.

அவர் மனைவிக்கு வாய் இருந்தது. வன்மமும் இருந்தது.

துறைமுகத்தை ஒட்டிய கடல் ஆய்வு நிலையத்தில் அவள் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். சிப்பி எதனால் செத்தது என்று அங்கிருந்த ஆய்வாளர் அம்மாவைத் துளைத்தெடுத்தாள். அந்த அம்மா சளைக்காமல் விளக்கினார். வெயில் கடலுக்குள் இறங்கித் தண்ணீரைச் சூடாக்குவது காலங்காலமாக நடப்பது. வாங்கிய சூட்டைக் கடல் திரும்ப வானத்துக்கு விட்டுவிடும். இப்போது கரியும் எண்ணெயும் எரிப்பதால் வரும் வாயுக்கள் காற்றில் மண்டிப்போய், மேலே போகிற சூட்டில் ஒரு பங்கைப் பிடித்துக் கீழேயே திருப்பி அனுப்புகின்றன. வெயில் கூடவில்லை, சூடு வெளியேறுவதுதான் குறைந்துவிட்டது. அப்படி மிஞ்சுகிற சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடலுக்குள்தான் போய்ச் சேருகிறது.

"அப்போ என் வீட்டுக்காரர் கொல்லல."

"இல்லம்மா. தண்ணிதான் வேக வச்சிடுச்சு."

நிலையத்தின் பழைய பதிவேட்டில் அந்த வாரம் முழுக்கத் தண்ணீரின் சூடு முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் இருந்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"இது துறைமுகத் தண்ணி. எங்க பண்ணைத் தண்ணி வேற," என்று தாளைத் தள்ளிவிட்டார்.

மறுநாளே ஒரு வெப்பமானி வாங்கினாள். தினமும் வேலைக்குப் போகுமுன் பண்ணையை ஒட்டிய கல் தடுப்பின் நுனிவரை நடந்து, சிப்பி தொங்கும் ஆழத்துக்கு அதை இறக்கி, அளவை நோட்டில் குறித்தாள். கடலுக்குக் காய்ச்சல் பார்க்கிறவள் என்று தெருவே கேலி செய்தது. ஏழு வருடத்தில் துறைமுகத்துக்கும் பண்ணைக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. நோட்டை யாரிடமும் காட்டாமல் சமயம் பார்த்திருந்தாள்.

எட்டாவது கோடையில் காற்று செத்துப்போனது. வானத்தில் ஒரு மேகமில்லை. தண்ணீர் முப்பத்து மூன்றைத் தொட்டது. சிப்பி மறுபடி சாகப்போகிறது என்று மூன்றாம் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கயிறுகளைச் சூடு குறைந்த ஆழத்துக்கு இறக்கிப் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். மேனேஜர் தினமும் அவளைக் கடந்துதான் போனார். சாகட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

செத்தன. முதலாளிகள் மேனேஜரின் அலட்சியம்தான் காரணம் என்றார்கள். அவர் நிலையத்தின் அளவைக் காட்டினார். துறைமுகத்துத் தண்ணீரை வைத்துப் பண்ணையைப் பேசாதே என்று அவர்களும் தள்ளிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் மேனேஜர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, தெருவே கேலி செய்த அந்த நோட்டைக் கேட்டார். நோட்டை அவர் கண்ணெதிரிலேயே அடுப்பில் போட வேண்டும்போல் அவளுக்குக் கை துறுதுறுத்தது. போட்டால் கணவர் பெயரும் சேர்ந்து எரியும். இந்த ஆளைக் காப்பாற்றாமல் கணவரைக் காப்பாற்ற வழியில்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"எல்லார் முன்னாடியும் அவரைக் குடிகாரன்னு சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் அது பொய்னு சொல்லுங்க. தர்றேன்."

"எழுதிக் குடுத்துடறேம்மா."

"அன்னிக்கு வாயாலதானே சொன்னீங்க."

மறுநாள், நாறிக்கொண்டிருந்த சிப்பிக் குவியல்களுக்கு நடுவே, முதலாளிகளும் தொழிலாளிகளும் கேட்க அவர் முணுமுணுத்தார்.

"கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கல," என்றாள்.

அவர் குரலை உயர்த்தினார். காவலாளி குடிக்கவில்லை, கயிறு எதையும் இழுக்கவில்லை, தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே கட்டிய கதை அது என்றார். அதன்பிறகே அவள் நோட்டை நீட்டினாள். சிப்பி செத்ததற்கு மேனேஜர் பொறுப்பில்லை என்று முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சொன்ன பொய்க்காக அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் நடக்கும் என்று அவளுக்கு முந்தைய நாளே தெரியும்.

காவலாளியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. நடந்ததையெல்லாம் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, பாவம் அந்த ஆளுக்கும் பிள்ளை குட்டி இருக்கே என்றார்.

அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.