பீரோவில் இருந்த பேட்டரி

சித்தி மகளுக்கு லேப்டாப் வாங்கியிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அப்படியா, நல்லது" என்றேன். சொல்லிவிட்டு, மடித்து வைத்த துப்பட்டாவையே உதறி மறுபடி மடித்தேன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். வீட்டில் ஒரு மவுஸ்கூடக் கிடையாது. சித்தி மகள் என்னைவிட எட்டு மாதம் சின்னவள். திருச்சியில் எஞ்சினியரிங் கடைசி வருஷம். சித்தப்பாவுக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலை வேலை என்பதால் அவள் கேட்பதற்கு முன்பே எல்லாம் வந்துவிடும். சைக்கிள் வந்தது, செல்போன் வந்தது, இப்போது லேப்டாப்.

எனக்கென்று இருந்தது, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் ஒன்றுதான். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியை, சென்டர் மூலையில் யாரும் தொடாத பழைய மெஷினில் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, நானாகவே கற்றுக்கொண்டது. எங்கள் சொந்தபந்தத்தில் அந்தப் பெயரையே சரியாகச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கல்யாண வீடுகளில் சித்தியே, "பெரியவ என்னமோ கறுப்புத் திரையில தட்டுவாளாம், சென்டர் சாரே அசந்து போயிட்டாராம்" என்று சொல்வாள். காதில் விழாத மாதிரி இலையைப் பார்த்துக்கொண்டே முழுதும் கேட்பேன்.

ஒரு சனிக்கிழமை, அரியலூர் வீட்டுக்கு வந்திருந்த சித்தி மகள் சென்டர் போனில் அழுதாள்.

"அக்கா, நானே லினக்ஸ் ஏத்திப் பாத்தேன். விண்டோஸும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்னு ரெண்டையும் வைக்கலாம்னு பாத்தேன்க்கா. இப்ப எதுவுமே வரல. என் புராஜெக்ட் பூரா அதுலதான் இருக்கு. திங்கக்கெழம ரிவ்யூ."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அதையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தாயா என்றுதான் வந்தது. "அழுவாத, நாளைக்கு வரேன்" என்றேன்.

ஞாயிறு காலை, குன்னம் வழியாக அரியலூர் போகிற பஸ்ஸில் சிடி பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழி நெடுக சுண்ணாம்புக் கல் லாரிகள். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தூசி. இறங்கும்போது என் கறுப்புப் பை சாம்பல் நிறமாகியிருந்தது. சித்தி வாசலுக்கே வந்து, "வாடி தங்கம், நீதான் காப்பாத்தணும்" என்று கையைப் பிடித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் நான் டாக்டர். அந்தச் சுகத்தை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன்.

லேப்டாப் மேஜையில் இருந்தது. திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. மேல் மூலையில் குங்குமப் பொட்டு. சுவிட்சைத் தட்டினால் கறுப்புத் திரையில் ஒரு வரி பிழைச் செய்தி, அதோடு நின்றுவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பேட்டரி இருக்க வேண்டிய இடம் குழியாகக் கிடந்தது.

"பேட்டரி எங்கடி?"

"பீரோல இருக்கு. எப்பவும் மாட்டியே வச்சா சீக்கிரம் போயிரும்னு அப்பா கழட்டித் துணியில சுத்தி வச்சிட்டாங்க."

"ஏத்தும்போது கரண்டு போச்சா?"

"போச்சு. முடியப் போற நேரம். ஒரு நிமிஷத்துல வந்துருச்சு. அதனாலயாக்கா?"

அதனால்தான். எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கிற பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்டு போய், தாங்கிக்கொள்ள பேட்டரியும் இல்லாமல், அது பாதியில் நின்றுவிட்டது. பேட்டரியை மாட்டிவிட்டு மறுபடி ஏற்றினால் முக்கால் மணி நேரத்தில் இரண்டும் வந்துவிடும். அவள் மற்ற எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தாள். முதல் தடவையே. எனக்கு அது வர நாலு மாதம் ஆனது.

"சும்மா கேட்டேன்" என்றேன்.

என் சிடியைப் போட்டுத் திறந்தேன். விண்டோஸ் பகுதி அப்படியே இருந்தது. அவள் புராஜெக்டில் ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் உடனே சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கி எதையெதையோ தட்டினேன். பின்னால் அவள் நகம் கடிக்கிற சத்தம் கேட்டது. சித்தி பூஜை அறைக்கும் மேஜைக்கும் நடந்தாள். அரை மணி நேரம் அவர்களை அப்படியே வைத்திருந்தேன். அதற்குள் கரண்டு போய்விடக் கூடாதே என்று எனக்கும் உதறல்தான். ஆனால் பேட்டரியைக் கொண்டு வா என்று கேட்டால் காரணம் வெளியே வந்துவிடும். கேட்கவில்லை.

பிறகு ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தேன். விண்டோஸ் சிடியைப் போட்டு ஒரே ஒரு கட்டளை கொடுத்ததும் பழையபடி விண்டோஸ் வந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அக்கா, அப்படியே லினக்ஸையும் ஏத்திக் குடுத்துட்டுப் போயேன். எப்படின்னு பாத்துக்கறேன்."

"உன் லேப்டாப்புக்கு லினக்ஸ் சேராதுடி" என்றேன். "சில மாடலுக்குச் சேராது. மறுபடி பண்ணாத, மொத்தமா போயிரும்."

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. பாதி ஏறியிருந்த லினக்ஸை நானே துடைத்து எடுத்தேன். சித்தி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். வளைத்துக் கட்டிச் சாப்பிட்டேன். திரும்பும் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வருஷம் அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அம்மா சொன்னபோதும் "அப்படியா, நல்லது" என்றுதான் சொன்னேன். தீபாவளிக்கு அவள் லேப்டாப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் திறந்தாள். விண்டோஸா லினக்ஸா என்று திரை கேட்டது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாள். வந்தது. வயர் எதுவும் மாட்டவில்லை, பேட்டரியிலேயே ஓடியது.

"ஆபீஸ்ல எல்லாமே இதாங்க்கா. மொத வாரம் எல்லாரையும் அவங்கவங்க லேப்டாப்புலயும் ஏத்திக்கச் சொன்னாங்க. என் லேப்டாப்புக்குச் சேராதுன்னு சொன்னேன். அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னாங்க. எங்க அக்கா சொல்லியிருக்கா, அவளுக்குத் தெரியாததான்னு அடிச்சுப் பேசினேன். மொத்த ரூமும் சிரிச்சுது." அவளும் சிரித்தாள். "அப்பறம் பேட்டரியப் போட்டுட்டு நானே ஏத்தினேன். ஏறிருச்சு."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இதுவும் அவளுடையது என்ற எரிச்சல் அந்த நேரத்திலும் வந்தது. அதோடு சேர்த்து, முகம் தெரியாத ஆட்கள் நிறைந்த ஒரு அறையில் எனக்காக அடித்துப் பேசிக்கொண்டு நின்றவளின் முகமும் வந்தது.

"அன்னைக்கு பேட்டரி எங்கன்னு கேட்டல்ல நீ?" என்றாள், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

"கேட்டேன்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஆனா அதனாலதான்னு உனக்கும் அப்ப தெரியாதுல்லக்கா?"

தெரியும் என்றால் நான் இவளுக்கு அக்கா இல்லை. தெரியாது என்றால், லினக்ஸ் தெரிந்தவள் என்று எனக்கென்று இருந்த அந்த ஒன்றும் இல்லை. பொறாமைப்பட்டுப் பொத்தி வைத்ததை நானே எடுத்து அவள் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

"தெரியாதுடி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வா, உக்காரு. சொல்லித் தரேன்."

உட்கார்ந்தேன்.