கணக்கில் குறைந்த ஊசி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் டெய்லர். ஒரு நாள் காலையில் என் வலது கை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. நெஞ்சு உயரம் வரை வரும். அதற்கு மேல் முதலாளியே வந்து நின்றாலும் ஏறாது. சட்டையை மனைவிதான் மாட்டிவிடுவாள். "பள்ளிக்கோடம் போற புள்ளைக்குக்கூட இத்தன நேரம் ஆவறதில்லீங்க" என்று முணுமுணுத்தபடி பொத்தான் போடுவாள்.

தைலம், மாத்திரை, சுளுக்கு வழித்துவிடுதல் எல்லாம் ஆயிற்று. என் மெஷினில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான். தீபாவளிக்குள் கை ஏறாவிட்டால் மெஷின் அவனுக்கே என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதனால்தான் மனைவியோடு அக்குபஞ்சர் டாக்டரிடம் போனேன்.

"வலியே இருக்காதுங்க" என்றார் அவர். ஊசியைக் கையில் வைத்திருப்பவர்தான் எப்போதும் இதைச் சொல்கிறார். ஊசியில் பிழைப்பவன் ஊசிக்குப் பயப்படலாமா என்று கேட்பீர்கள். ஊசி என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்தவன்தானே பயப்படுவான்?

இதில் எங்கள் தொழில் புத்தி வேறு. தைக்கும்போது ஊசி முறிந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, சேர்த்துப் பார்த்து முழு ஊசியானால்தான் புது ஊசி தருவார்கள். வெளிநாட்டுக்குப் போகும் பனியனுக்குள் ஒரு துணுக்கு சிக்கினாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். துண்டு கிடைக்கும்வரை வேலையை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு காந்தத்தோடு தரையில் தவழ்வோம்.

ஆகவே கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொரு குத்தையும் எண்ணினேன்; எங்கெங்கே குத்தினார் என்பது பயத்தில் பதியவில்லை. பதினொன்று. எடுக்கும்போது கண்ணைத் திறந்து எண்ணினேன். பத்து.

"முடிஞ்சுதுங்க, எந்திரிங்க."

"டாக்டருங்க, ஒண்ணு கொறையுது."

"எல்லாம் எடுத்தாச்சுங்களே."

"அப்ப ஒண்ணு உள்ள போயிருச்சுங்க!"

"அதெல்லாம் உள்ள போவாதுங்க" என்று சிரித்தவர், சிரித்துக்கொண்டே குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அத்தோடு என் உயிர் பாதி போயிற்று. அந்தக் குனிதல் எனக்குத் தெரியும். எங்கேயென்று தெரியாதவன் குனியும் குனிதல் அது. ஊசி ரத்தத்தில் மிதந்து இருதயத்தை நோக்கிப் போவது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

பேண்ட் பாக்கெட்டில் தொழில் பழக்கத்தில் வைத்திருந்த காந்தம் இருந்தது. எடுத்து, இடது கையால் நெஞ்சு, வயிறு, வலது கை என்று என் உடம்பையே தடவ ஆரம்பித்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஏனுங்க, ஊசி கெடைக்காட்டி உங்களையும் ரிஜெக்ட் பண்ணீருவாங்களா?"

"நான் சாகக் கெடக்கறேன், உனக்குச் சிரிப்பா?"

இடப்பக்கத்தைத் தேட, காந்தம் வலது கைக்கு மாறியது. இடது தோள், கழுத்து, காது, அதற்கும் மேலே. சுருட்டை முடிக்குள் போன காந்தம் எதிலோ டக்கென்று ஒட்டியது.

டாக்டர் ஓடிவந்து என் உச்சந்தலையிலிருந்து ஊசியை உருவினார். "முடிக்குள்ள மறைஞ்சிருச்சுங்க" என்று சொல்லி என்னைவிடப் பெரிதாக மூச்சு விட்டார். ஆனால் மனைவி ஊசியைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க… கை!"

என் வலது கை தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது.

ஊசியின் வேலை என்றார் டாக்டர். பயத்தின் வேலை என்றாள் மனைவி. நான் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. தோள் முழுதாகச் சரியாக இன்னும் பல தடவை போய்க் குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மெஷின் மட்டும் தீபாவளிக்கு முன்பே என்னிடம் வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாதே! வீடு திரும்பும் டவுன் பஸ்ஸில் மேல் கம்பியை வலது கையால் பிடித்தவன் விடவேயில்லை. தோள் விண்விண்ணென்று தெறித்தது. பாதி பஸ் காலியாக இருந்தது.

"சீட்டு சும்மா கெடக்குதுங்க, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டுங்க."

ஜன்னலோரம் சாய்ந்திருந்த மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கைய எறக்குங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"எறக்கி, மறுபடி ஏறலைன்னா?"

"ஏறலைன்னா டாக்டருகிட்டச் சொல்லி இன்னொரு ஊசிய ஒளிச்சு வெக்கச் சொல்றேங்க."