வாளிக்குப் பதில்

பெட்டி இழைக்கிற பனஞ்சார்வோலை காய்ந்து வெடிக்கும்போது நண்டுக்கால் முறிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது இன்றைக்கும் என் விரல் நுனியில் இருக்கிறது.

எங்கள் ஊர் சுருவிலில் வருஷப்பிறப்புக்குப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டினால், இரண்டு தெருவாய்ப் பிரிந்து, கிழக்கு ஒழுங்கைப் பெண்பிள்ளைகளும் மேற்கு ஒழுங்கைப் பெட்டையளும் ஆடிக்கொண்டே ஒருவரையொருவர் நக்கலடித்துப் பாட்டுக் கட்டுவோம். மறுநாள் பொழுதுசாய்வதற்குள் பதில் பாடாத ஒழுங்கைக்கு அந்த வருஷம் ஊஞ்சல் இல்லை. எழுத்து எனக்கு அரைகுறைதான். ஆனால் கிழக்கு ஒழுங்கைக்குப் பாட்டுக் கட்டுகிறவள் நான், அந்தத் தலைக்கனமும் இருந்தது. அந்த வருஷம் மேற்கு ஒழுங்கைச் செல்லம் உந்தி உந்தி ஆடிக்கொண்டு பாடினாள்:

“கிழக்கொழுங்கைப் பெட்டையள் கிணத்தடி வாளி,
கிறீச்செண்டு கத்துவினம், உள்ளுக்குள்ளை காலி.”

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளே சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்தது முதல் வீட்டு வளவைச் சுற்றி நடந்தேன், படுத்தேன், எழும்பினேன். வாளி, காலி, வாளி, காலி என்று தலைக்குள் அதுதான் ஆடியதே தவிர ஒரு சொல் வரவில்லை. சின்னதுகள் வேலிப்பொட்டு இடுக்குக்குள்ளால் எட்டிப்பார்த்து, “வந்திட்டுதோ அக்கா?” என்று கேட்டுக் கேட்டு ஓடின. ஆத்திரத்தில் பெரியக்கா பாதியில் வைத்திருந்த ஓலைப்பெட்டியை எடுத்து இழைக்கத் தொடங்கினேன். ஓலை வெடித்தது, இன்னொன்றும் வெடித்தது.

“பல்லைக் கடிச்சுக்கொண்டு இழைச்சால் பெட்டியும் உன்னைப்போல மூஞ்சையை நீட்டுமடி. என்ரை ஓலையை விடு,” என்றாள் பெரியக்கா.

அப்போதுதான் பார்த்தேன், தாடை நோகும்படி பல்லைக் கடித்திருக்கிறேன், தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கிறது. தோளை இறக்கி, வாயைத் தளரவிட்டு, பக்கத்திலிருந்த வாளியில் கையை நனைத்து ஓலையைத் தடவினேன். ஓலை வளைந்தது. ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே என்று விரல் போக, மூச்சும் அதன் பின்னால் போனது. பாட்டை மறந்தே போனேன். மூலை மடிக்கும்போது திரும்ப வாளிக்குள் கை வைத்தேன். எங்கள் கிணற்று நல்ல தண்ணீர். மேற்கு ஒழுங்கைக் கிணறெல்லாம் உவர்; செல்லம் வீட்டார் குடத்தோடு வருவதும் எங்கள் கிணற்றுக்குத்தான்.

பாதிப் பெட்டியோடு புளியமரத்தடிக்கு ஓடினேன்.

“வாளி காலியெண்டு வாய்நோகக் கத்தாதை,
வந்து குடிச்சுத் துடைச்சவள் நீ, மறவாதை.”

ஒழுங்கை இரண்டும் சேர்ந்து சிரித்தது. செல்லம் ஊஞ்சல் பலகையிலிருந்து இறங்கி, “தண்ணி தாறதைச் சொல்லிக் காட்டுறியோடி?” என்றாள்.

“வாளியிலை தொடங்கினது நீயெல்லோ,” என்றுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அந்த வருஷம் ஊஞ்சல் எங்களுடையது.

இப்போது புளியமரம் இல்லை. மேற்கு ஒழுங்கைக்கும் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதால் அந்தப் பாட்டும் ஒருவருக்கும் சுடாது. செல்லம் கனடாவிலிருந்து போனில் இன்னமும் நக்கல் பாட்டு அனுப்புகிறாள். பதில் வராமல் முட்டினால் ஓலையை நனைத்துக்கொண்டு உட்காருவேன். கடிக்க இப்போது பல்லும் இல்லை. பாட்டு முன்னையிலும் கெதியாய்ச் சட்டென்று வருகிறது.