மீன் எண்ணெய் பூசிய ஸ்கூட்டர்

மார்கழிப் பனி என் மின்சார ஸ்கூட்டருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் தோணிரேவிலிருந்து அனுப்பம்பட்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்புவதற்குள் சார்ஜ் அடிமட்டத்துக்கு இறங்கியது. காலையில் பார்த்தால் சீட்டெல்லாம் ஈரம், போல்ட்டெல்லாம் துரு. "பனியில விடாதம்மா, உப்புக்காத்து வேற. நல்லா மூடி வை" என்றார் மெக்கானிக். அதை நைனாவிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

நைனா இதுவரை பராமரித்த ஒரே வண்டி அவருடைய படகு. மறுநாள் காலை தார்ப்பாயை விலக்கியதும் மீன் நாற்றம் முகத்தில் அடித்தது. படகுப் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெயை ஹேண்டில், சீட், சார்ஜ் போடும் ஓட்டை என்று ஓர் இடம் விடாமல் பூசி வைத்திருந்தார். சீட்டில் ஈ மொய்த்தது. டயரை ஒரு பூனை நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா பண்ணி வெச்சிருக்க?"

"இனிமே உப்பு அண்டாது பாரு" என்றார் பெருமையாக.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டதால் அதிலேயே போய் ரயில் ஏறினேன். எண்ணெய் என் சுடிதாரிலும் கையிலும் ஏறியிருந்தது.

எதிரில் இருந்த பெண் முகத்தைச் சுளித்தாள். "மீன்கூடைய இந்தப் பெட்டில ஏத்தக் கூடாதுன்னு யாரு சொல்றது இவங்களுக்கு?"

எல்லாரும் கதவோரம் உட்கார்ந்திருந்த கூடைக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மடியில் இருந்தது கழுவித் துடைத்த காலிக் கூடை.

நானும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தேன்.