இருபத்து நான்கு பித்தளை முனைகள்

டப்பாக்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. முப்பத்திரண்டு வருடம் பஸ் பணிமனையில், வண்டிக்கு அடியில் குழிக்குள் நின்று கிரீஸ் அடித்தவர். வேறொருவன் என்றால் ஓய்வு பெற்றதும் அந்த வாடையே வேண்டாமென்று ஓடியிருப்பான். இந்த மனிதரோ பழைய எண்ணெய் டப்பாக்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். கூம்பு மூக்கு வைத்தது, சதுரமானது, மூடி திறக்காதது என்று முன்னறை முழுக்க டப்பாதான். தூசியைத் துடைக்கலாம், எழுத்தைத் தேய்க்கக் கூடாது என்பது அவர் சட்டம். பழைய டப்பாவுக்குப் புதுச் சாயம் பூசுகிறவனை அவர் மனுஷனாகவே மதிப்பதில்லை.

டப்பாவெல்லாம் சரி, உயிரை வைத்திருந்தது வேறொன்றின் மேல். அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் ஓட்டுபவர் காலடியில் ஒரு மிதி இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் போதும், மெல்லிய குழாய்கள் வழியாக அடிச்சட்டத்தின் மூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் போய்விடும். குழாய் முடிகிற இடத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு பித்தளை முனை. எந்த மூட்டுக்கு எத்தனை சொட்டு என்பது அந்த முனையின் கையில். அதன் அளவை எண்ணாகப் பொறித்திருப்பார்கள். பம்பு, குழாய்கள், இருபத்து நான்கு முனைகள். பழைய இரும்புக் கடைகளில் புரண்டு பதினோரு வருடத்தில் சேர்த்தார்.

அதைத்தான் மச்சினன் தூக்கிக்கொண்டு போனான். இவர் வெளியூர் போன நாள் பார்த்து வந்து, "ஒருத்தர்கிட்ட காட்டிட்டு நாளைக்கே தந்துடறேன்க்கா" என்றான். அக்காவும் தம்பி கேட்கிறானே என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை. போய்க் கேட்டதற்கு, "துருப்பிடிச்ச சாமானுக்கா மாமா இந்தக் கத்து கத்துறீங்க?" என்றான். எட்டு மாதம் இவர் கறுவிக்கொண்டே திரிந்தார். பிறகு பழைய கார் கண்காட்சி ஒன்றில் அதே சாமான் ஓர் அடிச்சட்டத்தில் ஏறி நின்றது. சேகரித்தவர் என்று மச்சினன் பெயர் போட்டிருந்தது! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

இவர் போனார். நடுவர்கள் முன்னால் வெள்ளைத் துணி விரித்து மச்சினன் மிதியை அழுத்தினான். கிளட்ச் பக்கம் எண்ணெய் குளமாகத் தேங்கியது. முன்சக்கர மூட்டுகளில் ஒரு சொட்டுகூட இல்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. டப்பாக்காரர் குனிந்து பார்த்தார். முனைகளையெல்லாம் கழற்றி, ஒன்றாகக் கலந்துபோட்டுத் தேய்த்து, நகைபோல மினுக்கி வைத்திருந்தான் பாவி. எண் ஒன்றுகூட மிச்சமில்லை. முதலில் அவனை வாய்க்குள்ளேயே வைதார். அப்புறம் சிரிப்பு வந்தது.

"மாமா, கால்ல வேணா விழறேன். நடுவருங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள எது எங்கேன்னு பிரிச்சுக் குடுங்க."

"யார் சேர்த்ததுன்னு மைக்ல சொல்லு."

சொன்னான். மென்று விழுங்கி, "எங்க மாமா சேர்த்ததுங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். இவர் முனைகளைக் கழற்றிவரச் சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் எண்ணெயை அழுத்திவிட்டு, கடிகாரம் பார்த்துச் சொட்டை எண்ணி, அந்தக் கணக்கை எழுதிய காகிதத்தில் மடித்து வைத்தார். ஒன்றரை மணி நேரம். நடுவர்களே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசி முனையையும் காகிதத்தில் மடித்தவர், இருபத்து நான்கையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மாமா, மாட்டலையா? இன்னைக்கு மட்டும் மாட்டுங்க. நாளைக்கு மொத்தத்தையும் வீட்டுலயே கொண்டுவந்து தந்துடறேன்!"

"உன் நாளைக்கு எனக்குத் தெரியும்டா. குழாயை நீயே வச்சுக்க. நல்லா தேய்ச்சு மினுக்கு."

மறுவாரம் சாப்பாடு பரிமாறும்போது மனைவி சொன்னாள்: "அவன் ஆத்திரத்துல குழாயெல்லாம் வெட்டி, பம்போட சேர்த்து எடைக்குப் போட்டுட்டானாம். பதினோரு வருஷம் நாயா அலைஞ்சீங்களே! இனி ஜென்மத்துக்கும் அது சேராதுங்க."

டப்பாக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

"அவனுக்கும் இல்லதானே?"

"இல்ல."

"அப்ப சரி" என்று தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.