சால்வை முனையில் மஞ்சள்

ரப்பர் விலை விழுந்த அந்த வருடங்களில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "ஊருக்குத் திரும்புறீங்களா?" என் கணவருக்கும் ஆட்குறைப்புக் கடிதம் வந்துவிட்டது. டிக்கெட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும், நாகப்பட்டினம் வரை கணவன் மனைவி இருவருக்கும் இலவசக் கப்பல் பாஸ் தரப்படும் என்று எழுதியிருந்தது.

திரும்புவது என்ற பேச்சே எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் கிள்ளானில் பிறந்தவள். இந்தியாவுக்கு மிக அருகில் நான் போனது போர்ட் சுவெட்டன்ஹாம் கப்பல் ஜெட்டி வரைதான், அதுவும் மீன் வாங்க. போகாத ஊருக்கு எப்படித் திரும்புவது? அவருக்கு வேறு கதை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர். அம்மாவும் ஒரு தங்கையும் அங்கே இருந்தார்கள்.

அவர் மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் பிடிபடவில்லை. ஒரு நாள் "போயிரலாம்" என்பார். மறுநாள் "அங்க போயி என்னத்தச் செய்யறது" என்பார். உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டால், "உனக்கு எப்படியோ அப்படி" என்பார். இதைவிடக் கோபமூட்டும் பதில் ஒன்றை நான் இன்றுவரை கேட்டதில்லை. எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். அதை அவரிடம் வாய் திறந்து சொல்லியும் விட்டேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் கிள்ளானில் நான் ஐந்தாவது வரை படித்த மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் மூலம் செய்தி வந்தது. கைவேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர் பள்ளித் தவணை முடிந்ததும் விலகுகிறார். அந்த வேலைக்கு விருப்பமுள்ளவர்கள் தம் கையால் செய்த பொருள் ஒன்றைக் கொண்டுவந்து தலைமை ஆசிரியையான பெரிய மிஸ்ஸிடம் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குடியிருக்க ஓர் அறையும் உண்டு. வேலை கிடைத்தால் இங்கே, கிடைக்காவிட்டால் கப்பல். அவ்வளவு தெளிவாக ஒரு விஷயம் அந்த வருடத்தில் எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

மணி வைத்த லேஸ் சால்வை பின்னுவது என்று முடிவு செய்தேன். இந்த வெயிலில் யாருக்கடி கம்பளிச் சால்வை என்று எதிர் வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். லீவில் சீமைக்குக் கப்பலேறும் மேம்களுக்கு என்று சொன்னேன். எனக்கு இரண்டு ஊசியைக் கொண்டு நன்றாகச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பதை அக்காவிடம் சொல்லவில்லை.

வெள்ளைக் கம்பளி நூல்தான் கிடைத்தது. சாயத்தை நானே ஏற்றினேன். மங்குஸ்தான் பழக் காலம். பாசாரில் பழம் தின்று போட்ட தோலைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மண்ணெண்ணெய் டின்னில் போட்டுக் கொதிக்கவைத்து, படிகாரம் கரைத்து, நூலை அதில் ஊறவிட்டேன். மங்குஸ்தான் சாறு சட்டையில் பட்டால் போகாது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அது கம்பளியில் என்ன நிறத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் கொதியில் காய்ந்த ரோஜாப் பூவின் நிறம் வந்தது. இரண்டாவது கொதியில் வெளுத்த தேயிலைத் தண்ணீர். அதே தோல், அதே டின், அதே குழாய்த் தண்ணீர். நான் கொடியில் தொங்கிய இரண்டு சிட்டங்களையும் பார்த்துக்கொண்டு அழாத குறையாக நின்றேன்.

"ரெண்டையும் மாத்தி மாத்திப் பின்னேன்," என்றார் என் கணவர். "இதுல ரெண்டு வரிசை, அதுல ரெண்டு வரிசை. அப்புறம் எவனுக்குத் தெரியும்?"

அவர் சொன்னபடி செய்தேன். சரியாக வந்தது. இரண்டு நிறமும் கலந்து, பெயர் சொல்ல முடியாத ஒரு நிறமாக ஆனது. எனக்கு அந்த நிறத்தைப் பிடித்துப்போயிற்று.

மணிகள் கிள்ளானில் ஒரு பாய் கடையில் வாங்கியவை. நோஞ்ஞா என்னும் இந்த ஊர்ச் சீனப் பெண்கள் செருப்பில் வைத்துத் தைக்கும் பொடிக் கண்ணாடி மணிகள். மணிச் சால்வையில் ஒரு தொல்லை உண்டு. பின்னத் தொடங்கும் முன்பே மணிகளையெல்லாம் நூலில் கோத்துவிட வேண்டும். கோத்து வைத்ததை நூலோடு தள்ளிக்கொண்டே போய், வேண்டிய கண்ணி வரும்போது ஒரு மணியை இழுத்துப் பின்ன வேண்டும். கடைசியாகக் கோத்த மணிதான் முதலில் வரும். ஆகவே பச்சை மணி எங்கே, வெள்ளை மணி எங்கே என்று தலைகீழாக யோசித்துக் கோக்க வேண்டும். எனக்கு நேராக யோசிப்பதே அப்போது கஷ்டமாக இருந்தது. வேலை இல்லாமல் வீட்டில் இருந்த அவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஒரு தாளில் கட்டம் போட்டு, கீழிருந்து மேலாக எண் எழுதி, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மெல்லிய ஊசியால் கோத்தார். டிக்கெட் கட்டுகளை எண்ணிப் பழகிய கை. ஒரு மணி தப்பவில்லை.

அந்த ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. அவர் கோத்தார், நான் பின்னினேன். நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றினால் ஓட்டை விழும், பக்கத்திலேயே இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் கணக்குச் சரியாகும். லேஸ் என்பது அவ்வளவுதான். "ஓட்டை போடறதுக்கு இவ்ளோ பாடா?" என்று கிண்டல் செய்துவிட்டு அடுத்த சிட்டத்தை இரண்டு மணிக்கட்டிலும் மாட்டிக்கொண்டு, நான் உருண்டை சுற்றும்வரை கையை நீட்டியபடி பொறுமையாக உட்கார்ந்திருப்பார். இங்கேயே இருப்பதற்கு அவரும் ஆசைப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் ஒரு ஆண்பிள்ளை எதற்காக மணி கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்?

முடித்து, அலசி, பாயில் விரித்து ஓரமெல்லாம் குண்டூசி குத்தி இழுத்துக் காயவைத்தேன். சுருங்கிக் கிடந்த பின்னல் அப்போதுதான் திறந்துகொண்டது. இலையும் கொடியுமாக, ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு மணி. எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போனார். அக்கா பேசாமல் போனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். சால்வையை மடித்து, சாமிப் படம் இருந்த அலமாரியில் வைத்தேன். வீட்டில் எலி வராத இடம் அது ஒன்றே.

கிள்ளானுக்குப் போக வேண்டிய நாள் எனக்கு வீட்டு விலக்கில் இரண்டாம் நாளாக அமைந்தது. அந்த மூன்று நாளும் அவர்தான் சமைப்பார். நான் முன்னறைப் பாயோடு சரி, சாமி அலமாரிப் பக்கம் போவதில்லை. "அதை எடுத்துக் கொடுங்க," என்றேன். அவர் உள்ளே போய், சால்வையைச் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். "பாத்துப் போ," என்றார். முகத்தைப் பார்த்தேன். வழக்கமான முகம்தான்.

பள்ளிக்கூடத்தில் பெரிய மிஸ் மேசையைத் துடைக்கச் சொல்லிவிட்டு சால்வையை விரித்தார். பக்கத்தில் இன்னொரு வெள்ளைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தார். இருவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். பின்பக்கம் திருப்பி முடிச்சு இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்போது அந்த இன்னொரு அம்மாள் ஒரு முனையைப் பிடித்து, இது என்ன என்று கேட்டார்.

முனையில் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள்.

புதுத்துணிக்கு முனையில் மஞ்சள் வைக்காமல் நாம் யாரும் உடுத்துவதில்லை. கட்டுவது யாராக இருந்தாலும், எடுத்த துணி கர்ச்சீப்பாக இருந்தாலும், ஒரு பொட்டு மஞ்சள். கை தன் பாட்டுக்குச் செய்துவிடும். அதனால் நானும் என் கைதான் செய்துவிட்டது என்று நினைத்து, நான்தான் வைத்தேன், எங்கள் வழக்கம், மன்னிக்க வேண்டும் என்று தெரிந்த ஆங்கிலத்திலும் மலாயிலும் உளறினேன். பெரிய மிஸ் பரவாயில்லை என்று சிரித்து, எழுந்து போய்க் கைகழுவும் சோப்பை ஈரமாகக் கொண்டுவந்து அந்த இடத்தில் தேய்த்தார்.

மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும்? மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைக்கிற நமக்கு அது தெரியும். பெரிய மிஸ்ஸுக்குத் தெரியாது. முனை இரத்தச் சிவப்பானது. அவர் தன் விரலில்தான் எங்கோ காயம் என்று நினைத்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற அம்மாள் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நான் இரத்தம் இல்லை, இரத்தம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, மலாய்ச் சொல் மறந்து, ஆங்கிலச் சொல்லும் மறந்து, கடைசியில் ஜன்னலோரம் இருந்த செடித் தொட்டிக்கு ஆரத்தி எடுப்பது போலக் கையைச் சுற்றிக் காட்டினேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வேலை போனது என்று முடிவு கட்டிவிட்டேன். அழுகை வரவில்லை. அழ வேண்டுமா, நிம்மதிப்பட வேண்டுமா என்றுகூடத் தெரியாமல் பெஞ்சின் ஆணியைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு பெரிய மிஸ் வந்து, தவணை தொடங்கும் நாளில் வேலைக்கு வந்துவிடு, பிள்ளைகளுக்கு இந்தப் பின்னலைச் சொல்லிக் கொடு, மஞ்சள் மட்டும் வேண்டாம் என்றார்.

ரயில் ரப்பர்த் தோட்டங்களைத் தாண்டியபோதுதான் எனக்கு உறைத்தது. நான் எப்படி மஞ்சள் வைத்திருக்க முடியும்? நான் மடித்து வைத்த அன்று முனையில் எதுவும் இல்லை. மஞ்சள் கிண்ணம் சாமி அலமாரியில் இருந்தது. இரண்டு நாளாக நான் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஆயுத பூஜையன்று அவர் ஆபீஸ் லெட்ஜரின் முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்துவிட்டு, துரையிடம் திட்டு வாங்கினார். அந்தப் பக்கம் முழுவதையும் வேறு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அன்று வீட்டுக்கு வந்தார். "வெள்ளைக்காரனுக்கு அது அழுக்கு," என்று என்னிடம் சொன்னவரே அவர்தான். தெரிந்தவர். தெரிந்தே வைத்தாரா? ஒன்றரை மாதம் மணி கோத்த கை அதைச் செய்யுமா? அல்லது பாவம், நல்லது நடக்கட்டும் என்று வைத்தாரா? பிரிக்பீல்ட்ஸ் வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மனம் அல்லாடியது.

வீட்டுக்குப் போனபோது மத்தியானம். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. "என்ன சொன்னாங்க?" என்றார்.

நான் பொய் சொன்னேன். "முனையில கறையைப் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த முகம் லேசானது. இரண்டு மாதமாக இறுகியிருந்த தாடை தளர்ந்தது. பிறகு அவசரமாகச் சோகத்தை வரவழைத்துக்கொண்டு, "சரி விடு, வேற என்ன பண்றது," என்று கரண்டியை எடுத்தார்.

"கிடைச்சிருச்சு," என்றேன். "சும்மா சொன்னேன். வேலை கிடைச்சிருச்சு."

கரண்டி ரசத்திலேயே நின்றது.

"மஞ்சள் நீங்கதானே வெச்சது?"

"ஆமா."

"லெட்ஜர் ஞாபகம் இல்லையா?"

"இருந்துச்சு. வைக்கும்போதே இருந்துச்சு." அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "புதுத்துணி, நல்ல காரியத்துக்குப் போகுதுன்னுதான் கையை வெச்சேன். வெச்சப்புறம் லெட்ஜர் ஞாபகம் வந்துச்சு. தொடச்சிருக்கலாம். தொடைக்கல. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல."

நான் அதை நம்பினேன். கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

"எனக்கு ஊருக்குப் போகணும்," என்றார். அந்த வீட்டில் அவர் தனக்கு ஒன்று வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "லெட்டர் வந்த அன்னிக்கே சந்தோசமா இருந்துச்சு. அம்மாவப் பாத்து எட்டு வருசமாச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? நான் எத்தனை தடவை கேட்டேன்?"

"சொன்னா நீ வந்துருவ," என்றார். "உனக்குப் பிடிக்கலேன்னாலும் நான் சொல்லிட்டேன்னு வந்துருவ. அதான் சொல்லல."

இப்போது சொல்லிவிட்டார். அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போதும், அடுத்த நாளும், அதற்கடுத்த வாரம் முழுவதும், இதோ, நானும் வருகிறேன் என்று சொல்லப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் துணியைக்கூட அவர் பெட்டியில் பாதி அடுக்கினேன். பிறகு எடுத்தேன். அவரும் கேட்கவில்லை. அவர் மீது எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. மணி கோத்த அந்த நாட்களில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. ஆனாலும் வாய் வரவில்லை.

கப்பலேறும் நாளன்று போர்ட் சுவெட்டன்ஹாமில் பாஸைப் பார்த்த ஆள், ரெண்டு பேர்னு போட்டிருக்கே, உங்க சம்சாரம் எங்கே என்று கேட்டார். நான் மூன்றடி தள்ளி, என் கணவருடைய சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சொன்னால் நான் வந்துவிடுவேன் என்று அவர் நினைத்திருந்தது தப்பு என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரிந்தது. நான் தூக்கை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, "வரல," என்று அந்த ஆளிடம் சொன்னார்.