பின்பக்கத்து சுவிட்ச்

சேலையூரில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த காலி மனைக்கு ஒரு மோட்டார் படகு வந்து சேர்ந்த அன்று, தெருவே வெளியே வந்து நின்றது. எண்பதுகளின் கடைசி. குடிக்கிற தண்ணீருக்கு லாரி பார்த்துக் காத்திருந்த கோடை. எதிர்வீட்டு அக்கா காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடியே படகை ஒரு சுற்றுச் சுற்றிவந்து என் கணவரிடம் கேட்டார்.

"ஏன் தம்பி, இத்த எங்க வுடப் போற? எங்க வூட்டு சம்ப்புலயா?"

"நீ தண்ணி ரொப்புக்கா, நான் வுட்றேன்."

அவர் பேச்சு அப்படித்தான். கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். தாம்பரத்தில் லாரிக்கும் காருக்கும் ஒயரிங் பார்க்கிற கடை வைத்திருந்தார். குரோம்பேட்டைப் பக்கத்து முதலாளி ஒருவரின் காருக்கு இவர்தான் எலக்ட்ரீஷியன். கோவளத்தில் ஒரு தோப்பில் வருஷக்கணக்காக மழையில் கிடந்த தன் படகை அவர் டிரெய்லரில் இழுத்துவந்து, "காருக்குப் பண்றதைத்தானே இதுக்கும் பண்ணப் போற" என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெயிண்ட், ஸீட்டெல்லாம் வேறு ஆட்கள். இவர் பங்கு ஒயரிங். அதிலும் இவர் உயிரை எடுத்தது, படகின் பின்னால் தொங்கும் இன்ஜினைத் தூக்கி இறக்குகிற பம்ப். ஒரு சின்ன மோட்டார் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் இன்ஜினைத் தூக்கும். மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைத் திருப்பிக் கொடுத்தால் இறக்கும். அதற்கு ஸ்டியரிங் பக்கத்தில் ஒன்றும் இன்ஜின் மேலேயே ஒன்றுமாக இரண்டு சுவிட்ச் இருந்திருக்கின்றன. உப்புக்காற்றில் இரண்டும் செத்துப்போய், ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. புதுப்பேட்டையில் அலைந்து முன்பக்கத்துக்கு மட்டும் மேலே தூக்க ஒன்று கீழே இறக்க ஒன்று என்று இரண்டு பட்டன் வாங்கிவந்தார்.

"பின்னாடிக்கு வேணாமா?" என்றேன்.

"அதுக்குத்தான் நீ கீறியே. நான் பின்னாலேர்ந்து கத்தறேன், நீ முன்னால குந்திகினு அமுக்கு."

கடை லீவு நாட்களில் மெத்தையில்லாத பலகையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். பின்னாலிருந்து "மேல" என்று ஒரு குரல் வரும், அமுக்குவேன். "கீழ" என்று வரும், அமுக்குவேன். முதல் நாளே எனக்குச் சந்தேகம்.

"மேலன்னா எது மேல? படகு மூக்கா, இன்ஜின் வாலா?"

"வாலுதான். தண்ணில ஓடறப்ப வாலத் தூக்கினா மூக்கும் தூக்கும்."

"எந்த மாட்டுக்குங்க அப்படித் தூக்குது?"

அவர் சிரித்த சிரிப்பு அப்படியே இருமலாகி, நிற்க நேரமாயிற்று.

அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. பீடியால் என்றார், பிறகு தூசியால் என்றார். ஒருநாள் பம்ப் முனகியதே தவிர இன்ஜின் அசையவில்லை. கரண்ட் திரும்பிவரும் எர்த் ஒயர் தளர்ந்து, தொட்டும் தொடாமலும் இருந்தது. அதைக் கையில் பிடித்தபடி, "கரண்ட்டு போனா மட்டும் பத்தாதும்மே, வூட்டுக்குத் திரும்பி வர்ற வழி அதுக்குத் தெரியணும்" என்றார். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவர் மூன்று தடவை தொண்டையைச் செரும வேண்டியிருந்தது. பாதி எனக்குக் கேட்கவே இல்லை. "இன்னும் சத்தமா சொல்லுங்க" என்பேன். சத்தமாகச் சொல்வார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "குரல்வளையை எடுக்கணும். குரல் போகும். ஆள் இருப்பார்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பழைய பேட்டரியக் குட்துட்டு புதுசு வாங்கறோம்ல, அந்த மாதிரிதான். எக்ஸ்சேஞ்ச்." நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அதைவிட மோசமாக ஏதாவது நடந்துவிடும் போலிருந்தது.

ஆபரேஷனுக்குமுன் படகை முடித்துவிட ஆசைப்பட்டார். முடியவில்லை. அடுத்த கோடையில்தான் மறுபடி அதைத் தொட்டார். கழுத்தில் மூச்சு விடுகிற துளை, அதன்மேல் ஒரு சின்ன வெள்ளைத் துணி. தெரு மாறிப்போயிருந்தது. எல்லோரும் அவர் எதிரிலேயே என்னிடம்தான் கேட்டார்கள். "தம்பி சாப்ட்டுச்சா? தம்பிக்கு இப்ப எப்டி கீது?" காது நன்றாகக் கேட்கிற மனிதர். பதில் சொல்ல வாயைத் திறப்பார், அதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன்.

கத்துவதற்குப் பதில் ஸ்பேனரால் படகைத் தட்டினார். ஒரு தட்டு மேலே, இரண்டு தட்டு கீழே, மூன்று தட்டினால் நிறுத்து. ஒருநாள் மூன்றை நான் இரண்டாக எண்ணிவிட்டேன். இன்ஜின் இறங்கிக்கொண்டே போய் அவர் விரல் மாட்டப் பார்த்தது. அடி ஒன்றுமில்லை. ஸ்பேனரை வீசிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மறுவாரம் தனியாகப் புதுப்பேட்டை போய் இன்னொரு ஜோடி பட்டன் வாங்கிவந்து இன்ஜின் பக்கத்திலேயே பொருத்தினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'இது இருக்க வேண்டியதுதான்.' உண்மைதான், இருக்க வேண்டியதுதான். முன்பக்கம் ஆளே தேவையில்லை.

ஒயரை முறுக்கி முடித்துவிட்டு, நீ வீட்டு வேலையைப் பார் என்று கையை ஆட்டினார். நான் படகில் ஏறி என் பலகையில் போய் உட்கார்ந்தேன்.

பின்னால் அவர் அழுத்தினார். இன்ஜின் மேலே போயிற்று. பிறகு இறங்க ஆரம்பித்தது. ஒருவர் 'கீழே'யும் இன்னொருவர் 'மேலே'யும் ஒரே நேரத்தில் அமுக்கினால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மோட்டார் நின்றுவிடும். என் கட்டைவிரல் 'மேலே' பட்டனுக்குப் போயிற்று. மோட்டார் நின்றது. அவர் விட்டதும் விட்டேன், அவர் அழுத்தியதும் அழுத்தினேன். மறுபடி நின்றது. ஒயர்களை ஆட்டிப் பார்ப்பது தெரிந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி நிறுத்தினேன். கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தவர், பட்டன்மேல் இருந்த என் விரலைப் பார்த்துவிட்டார்.

வாயைத் திறந்தார். என்ன திட்டு வரப்போகிறதோ என்று அந்த ஒரு நிமிஷம் நான் ஆசையாகக் காத்திருந்தேன் என்றால் யார் நம்புவார்கள். உதடுகள் ஒரு முழுத் திட்டையும் திட்டி முடித்தன. கழுத்துத் துணி மட்டும் உள்ளே ஒட்டி வெளியே எழும்பிற்று. உதட்டைப் பார்த்து வார்த்தையைப் பிடிக்க எனக்கு அப்போது பழகவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரும்பச் சொல்லவில்லை. பின்பக்கம் போய்ப் பட்டனை அழுத்தினார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். இன்ஜின் எங்கேயும் நிற்காமல் கீழே இறங்கியது.